மேடைப் பேச்சுத் தாள்: முதலாமாண்டு மாணவர்கள் அடிக்கடி கேட்பவை

ஊட்டியில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் இந்தத் தாளை நடத்துகிறேன். சேர்க்கை முடிந்து வகுப்பு தொடங்கியதும் வராந்தாவிலும் வாட்ஸ்அப்பிலும் வந்து விழுகிற கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கம் படிப்பவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும். மதிப்பெண் கணக்கு மட்டும் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். அதை உங்கள் துறையில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தாளில் என்னதான் நடக்கும்? எழுத்துத் தேர்வு மட்டும் எழுதினால் போதாதா?

பாடத்திட்டத்தைப் பார்த்தால் பேச்சின் வகைகள், தயாரிப்பு, குரல், உடல்மொழி, வரவேற்புரை, வாழ்த்துரை, நன்றியுரை என்று அலகு அலகாகப் பிரித்திருக்கும். படித்தால் தேர்வு எழுதிவிடலாம், பேச்சு வராது. அதனால் வகுப்பு நேரத்தில் பெரும்பகுதி நீங்கள் முன்னால் வந்து நின்று பேசுவதற்குத்தான். முதல் மாதம் ஒரு நிமிடம். அப்புறம் மூன்று நிமிடம். பருவம் முடியும்போது ஐந்து முதல் ஏழு நிமிடம்.

இந்த ஐந்து, ஏழு கணக்கு டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்ற பேச்சுப் பயிற்சி மன்றங்களில் உள்ள வழக்கம். ரால்ஃப் ஸ்மெட்லி என்பவர் 1924-இல் கலிபோர்னியாவில் தொடங்கியது அது. இன்று பல நாடுகளில் இருக்கிறது. பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டை காட்டி நேரத்தை உணர்த்துவார்கள். ‘ஆ’, ‘ம்’ என்று இழுப்பதை எண்ணிச் சொல்லவே ஒரு ஆள் இருப்பார். அட்டையை நாங்களும் எடுத்துக்கொண்டோம். எண்ணுகிற ஆள் மட்டும் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். எண்ணுகிறார்கள் என்று தெரிந்தாலே பயந்த பிள்ளை இன்னும் நாலு ‘ம்’ கூடப் போடும்.

மேடை பயம் போய்விடுமா, மேடம்?

முழுதாகப் போகாது. நாற்பது வருடம் மேடையேறியவர்களுக்கும் ஏறும் முன் கை சில்லிட்டுத்தான் இருக்கும். பெயர் கூப்பிட்டதும் அட்ரினலின் சுரக்கிறது. நெஞ்சு படபடக்கிறது, வாய் உலர்கிறது, விரல் நடுங்குகிறது. ஓடவோ சண்டை போடவோ உடம்பு தயாராகிறது, அவ்வளவுதான். இந்தப் படபடப்பு முதல் ஒன்றிரண்டு நிமிடத்தில் உச்சத்துக்குப் போய், பேசப் பேசத் தானாக இறங்கும். நிறையப் பேர் அந்த இறக்கம் வரும் முன்பே நன்றி சொல்லி உட்கார்ந்துவிடுகிறார்கள். அதனால் அவர்களுக்குப் பயம் மட்டுமே நினைவில் தங்குகிறது.

எனவே முதல் இரண்டு வாக்கியங்களைத் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். படபடப்பு உச்சத்தில் இருக்கும்போது யோசிக்க வேண்டிய வேலை இருக்காது. எழுவதற்கு முன் மூச்சை உள்ளே இழுப்பதைவிட மெதுவாக, நீளமாக வெளியே விடுங்கள். பிளாஸ்கில் வெந்நீர் கொண்டு வாருங்கள். இந்தக் குளிரில் பச்சைத் தண்ணீர் குடித்துவிட்டு நின்றால் தொண்டை இறுகிப்போகும்.

இன்னொன்று, ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையம், கோவைப் பக்கமிருந்து வந்து விடுதியில் சேர்ந்தவர்களுக்கு முதல் சில வாரம் மேடேறினாலே மூச்சு வாங்கும். பஸ்ஸை விட்டு இறங்கி ஓடிவந்து, நேராக முன்னால் வந்து நின்று, வாங்குகிற மூச்சைப் பயம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பேச்சு இருக்கிற நாளில் பத்து நிமிடம் முன்னதாக வந்து உட்காருங்கள்.

இதெல்லாம் உடம்புக்கான வைத்தியம். மனசுக்கான வைத்தியம் திருக்குறளின் அதிகார வரிசையிலேயே இருக்கிறது. அவையறிதல் 72-ஆவது அதிகாரம். அவையஞ்சாமை 73. முதலில் அவையை அறி, அஞ்சாமை அதற்குப் பிறகு. நாம் தலைகீழாகச் செய்கிறோம்: முதலில் பயம் போகட்டும், பிறகு எதிரில் இருப்பவர்களைப் பார்க்கலாம் என்று காத்திருக்கிறோம். எதிரில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், நான் சொல்லப்போவதில் எது அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும், எது தெரியாது என்று யோசிக்கத் தொடங்கினால், ‘நான் எப்படித் தெரிகிறேன்’ என்ற கவலைக்கு இடம் குறைந்துபோகிறது. கீழே வருகிற பதில்களில் பாதி இந்த ஒரு விஷயத்தைத்தான் சுற்றி வரும்.

எங்கள் வீட்டில் படுகு பேசுகிறோம். தமிழில் பேசினால் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிப்பார்களா?

உங்கள் வகுப்பை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். படுகர் ஊர்களான ஹட்டிகளிலிருந்து வருகிற, படுகு பேசுகிற பிள்ளைகள், கூடலூரிலிருந்து மலையாளம் பேசுகிறவர்கள், வீட்டில் கன்னடம் பேசுகிறவர்கள் இருப்பார்கள். 1964-இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் இருப்பார்கள். அவர்கள் பேசுவது மலையகத் தமிழ். தோடர், கோத்தர், இருளர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் என்று தமிழ்நாட்டின் ஆறு தொல்பழங்குடிகளும் இந்த மாவட்டத்தில்தான் சேர்ந்து வாழ்கிறார்கள். யார் யாரைப் பார்த்துச் சிரிப்பது?

சாயலை மறைக்க வேண்டாம். அது உங்கள் ஊர். நான் பார்ப்பது தெளிவை மட்டும்தான், அதிலும் முக்கியமாக வாக்கியத்தின் கடைசியை. தமிழில் வினை கடைசியில் வருகிறது. ‘கொடுத்தார்கள்’, ‘கொடுக்கவில்லை’ இரண்டுக்கும் உள்ள வேறுபாடு கடைசி அசைகளில் இருக்கிறது. மூச்சு தீர்ந்துபோகிற இடமும் அதுவேதான். ஆரம்பத்தில் கணீரென்று தொடங்கி முடிவை விழுங்கினால், கொடுத்தார்களா இல்லையா என்றே கேட்பவருக்குத் தெரியாது. தாய்மொழி தமிழாகவே உள்ளவர்களும் இதில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். வாக்கியத்தைச் சின்னதாக்குங்கள், கடைசிச் சொல்லுக்கு மூச்சை மிச்சம் வையுங்கள். ல, ள, ழ பழக்கம் தினமும் சத்தமாக ஒரு பத்தி செய்தித்தாள் வாசித்தால் வந்துவிடும்.

எதைச் சொல்வது என்பதை வீட்டு மொழியிலேயே யோசியுங்கள். படுகில் பாட்டியிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டுத் தமிழில் சொல்ல வருபவர்களின் பேச்சு, நேரே தமிழில் எழுதி வருபவர்களின் பேச்சைவிட உயிரோடு இருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

எழுத்துத் தமிழிலா, பேச்சுத் தமிழிலா?

பொதுவாகச் சொல்வது எழுத்துத் தமிழில். ஒருவர் பேசியதை அப்படியே சொல்லும்போது பேச்சுத் தமிழில். பட்டிமன்றம் கேட்டு வளர்ந்த நமக்கு இந்த மாறல் தானாக வரும். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நான் தடுப்பது வேறு ஒன்றை. ‘அறிவிற் சிறந்த ஆன்றோர்களே, சான்றோர்களே, நடுவர் பெருமக்களே, என் உயிரினும் மேலான’ என்று தொடங்கி, மூன்று நிமிடப் பேச்சில் ஒரு நிமிடம் வணக்கத்திலேயே கரைந்துபோகிறது. அடுக்குமொழியும் அப்படித்தான். திராவிட இயக்க மேடைகளில் அந்த நடை ஆயிரக்கணக்கானவர்களை மணிக்கணக்கில் உட்கார வைத்தது, ஏனென்றால் அதற்குள் சொல்ல வேண்டிய அரசியல் இருந்தது. உள்ளே சரக்கில்லாமல் ஓசையை மட்டும் எடுத்துக்கொண்டால் கேட்பவர் காது வலிக்கும். ‘எல்லோருக்கும் வணக்கம்’ போதும்.

என்ன தலைப்பில் பேசுவது? எனக்கு எதுவுமே தோன்றவில்லை.

அதிகம் வருகிற கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கோத்தகிரிப் பக்கத்து மாணவி ஒருவர் தேயிலை பற்றிப் பேசுகிறேன் என்று எழுதிக்கொண்டு வந்தார். முதல் வரி: ‘தேநீர் உலக மக்களால் பெரிதும் விரும்பி அருந்தப்படும் பானமாகும். நீலகிரி மாவட்டம் தேயிலைக்குப் பெயர் பெற்றதாகும்.’ தப்பே இல்லை. ஆனால் எதிரில் உட்கார்ந்திருக்கிற எல்லோருக்கும் அது தெரியும். காகிதத்தை மடித்து வைக்கச் சொல்லிவிட்டு, நேற்று உங்கள் தோட்டத்தில் இலை எடுத்தது யார் என்று கேட்டேன்.

அப்போதுதான் பேச ஆரம்பித்தார். அம்மாவும் பக்கத்து வீட்டு அக்காவும் எடுத்தார்களாம். மூட்டையை ரோட்டோரம் கொண்டுவந்து வைத்தால் வண்டி வரும். தொங்கு தராசில் மாட்டி எடை போடுவார்கள். மழை நாளில் இலையில் தண்ணீர் இருக்கிறது என்று மூட்டைக்குக் கொஞ்சம் கழிப்பார்கள். எவ்வளவு கழிப்பது என்பதை எடை போடுகிறவர் இலையை அள்ளிப் பார்த்துச் சொல்வார். கிலோவுக்கு என்ன விலை என்பது இலை கொடுத்த அன்றைக்குத் தெரியாது. மாதம் முடிந்த பிறகுதான் கணக்கு வரும். நாலரை கிலோ அளவு பச்சை இலை போனால் ஒரு கிலோ தூள் கிடைக்கும். அந்தத் தூள் கடையில் என்ன விலை என்பது மட்டும் அவருக்கு எப்போதும் தெரியும்.

‘இதைத்தானே பேசணும்?’ என்றேன். ‘இது எல்லாருக்கும் தெரியுமே மேடம்’ என்றார். அங்கேதான் அவையறிதல் வருகிறது. அந்த வகுப்பில் பாதிப் பேருக்குத் தெரியும்; அவர்கள் வீட்டிலும் இலைதான். மீதிப் பேர் ஊட்டி டவுனில் கடை வைத்திருப்பவர்களின் பிள்ளைகள், கேரட், உருளைக்கிழங்கு போடுகிற வீட்டுப் பிள்ளைகள். ‘கழிவு’ என்றால் அவர்கள் குப்பையைத்தான் நினைப்பார்கள். தெரிந்தவர்களை அலுப்படையச் செய்யாமலும் தெரியாதவர்களைக் கைவிடாமலும் எப்படிக் கொண்டுபோவது என்று யோசித்தபோது பேச்சு தானாக உருவம் எடுத்தது. மறுவாரம் அவர் தொடங்கியது இப்படி: ‘மழை பெய்தால் எங்கள் வீட்டில் இலை நன்றாக வரும். ஆனால் மழை பெய்கிற அன்று அம்மாவுக்குக் கோபமும் வரும். ஏன் என்று சொல்கிறேன்.’ பின்பெஞ்சில் போன் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் தலையைத் தூக்கினார்கள்.

அந்தப் பேச்சில் உலக உற்பத்தி, ஏற்றுமதிப் புள்ளிவிவரம் எதுவும் இல்லை. நாலரைக்கு ஒன்று என்ற ஒரு கணக்கு மட்டும் இருந்தது. அதைச் சொல்லும்போது நாலு விரலும் அரை விரலும் காட்டினார். எல்லோருக்கும் அது நினைவில் நின்றது.

ஆக, தலைப்பைத் தேடாதீர்கள். உங்களுக்குப் பழகிப்போனதும் பக்கத்து பெஞ்சுக்குத் தெரியாததும் எது என்று தேடுங்கள். கூடலூர்ப் பிள்ளைகளுக்கு யானை வருகிற பாதை. குன்னூர்ப் பிள்ளைகளுக்கு வீட்டு வாசலில் நிற்கிற காட்டெருமை. அப்பா டாக்ஸி ஓட்டுபவரென்றால், 2024 மே மாதம் சுற்றுலா வண்டிகளுக்கு இ-பாஸ் வந்த பிறகு சீசன் எப்படி இருந்தது என்பது. மலை ரயில் மட்டும் வேண்டாம். குன்னூர் வரை 1899, ஊட்டி வரை 1908, யுனெஸ்கோ 2005 என்று மூன்று ஆண்டுகளைச் சொல்லிவிட்டு உட்கார்ந்த பேச்சுகள் போதுமான அளவுக்குக் கேட்டாயிற்று. உங்கள் தாத்தா அதில் வேலை பார்த்திருந்தால் தாராளமாகப் பேசுங்கள்.

எழுதி மனப்பாடம் செய்யலாமா? சாட்ஜிபிடியில் எழுதி வாங்கலாமா?

எழுதுங்கள், மனப்பாடம் செய்யாதீர்கள். முழுதாக ஒருமுறை எழுதினால் எங்கே சுற்றி வளைக்கிறீர்கள் என்று தெரியும். சத்தமாகப் படித்து நேரம் பாருங்கள். தமிழில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய நூறு சொல் போகும். அதற்கப்புறம் அந்தத் தாளை வீட்டிலேயே வைத்துவிட்டு, உள்ளங்கை அளவு அட்டையில் ஐந்தாறு சொல் மட்டும் எழுதிக்கொண்டு வாருங்கள். மனப்பாடம் செய்தவருக்கு ஒரு சொல் தவறினால் அதற்குப் பின்னால் வருகிறதெல்லாம் போய்விடும்.

சாட்ஜிபிடி எழுதியது எனக்குத் தெரிந்துவிடும் என்று மிரட்டப் போவதில்லை. பேசி முடித்ததும் வகுப்பு மூன்று கேள்வி கேட்கும், அங்கே மாட்டிக்கொள்வீர்கள். அதை வேறு விதமாகப் பயன்படுத்துங்கள்: உங்கள் பேச்சைக் கொடுத்து, இதைக் கேட்பவருக்கு என்னென்ன சந்தேகம் வரும் என்று கேளுங்கள். அதற்கு நல்ல வேலைக்காரன்.

நடுவில் மறந்துபோனால்?

நில்லுங்கள். கடைசியாகச் சொன்ன வாக்கியத்தை இன்னொரு முறை நிதானமாகச் சொல்லுங்கள். அழுத்திச் சொல்கிறீர்கள் என்றுதான் கேட்பவர்கள் நினைப்பார்கள். அட்டையைப் பாருங்கள். ‘சாரி மேடம், மறந்துட்டேன்’ என்று அறிவிக்காதீர்கள். நீங்கள் எதைச் சொல்ல நினைத்திருந்தீர்கள் என்பது உங்களைத் தவிர அங்கே யாருக்கும் தெரியாது.

கையை எங்கே வைப்பது? எங்கே பார்ப்பது?

கையைப் பற்றி நினைக்காத போது அது சரியாகத்தான் இருக்கும். பாக்கெட்டிலும் பின்னாலும் மட்டும் வேண்டாம். கண்ணை ஒருவர்மேல் ஒரு வாக்கியம் முடிகிற வரை வையுங்கள், பிறகு அடுத்தவர். பின்சுவரில் உள்ள கடிகாரத்தைப் பார்த்துப் பேசு என்று யாரோ பள்ளியில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அது பேச்சுப் போட்டிக்கு ஒப்பித்த காலத்து யோசனை. பார்க்காமல் அவையை எப்படி அறிவது?

என் குரல் ரொம்பச் சின்னது. மழை பெய்தால் எனக்கே கேட்காது.

நியாயமான புகார். ஊட்டி, கூடலூர் பக்கம் ஜூனிலிருந்து தென்மேற்குப் பருவமழை. குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபரிலிருந்து வடகிழக்கு. தகரக் கூரை போட்ட அரங்கில் மழை இறங்கினால் எந்தக் குரலும் எடுபடாது. கத்தாதீர்கள்; கத்தினால் குரல் மெலிந்து கீச்சிடும், மறுநாள் தொண்டை கட்டும். வேகத்தைக் குறையுங்கள், சொற்களுக்கு நடுவே இடம் விடுங்கள், எல்லோரையும் முன் பெஞ்சுகளுக்கு வரச் சொல்லுங்கள். ‘கொஞ்சம் முன்னாடி வாங்க’ என்று சொல்லிக் கேட்பவர்களை நகர்த்துவதும் பேச்சுத் திறமையில் ஒரு பகுதிதான். அதற்கு நான் மதிப்பெண் தருகிறேன்.

மைக் இருந்தால், வாயிலிருந்து ஒரு கைப்பிடி தூரத்தில், சற்றுக் கீழே பிடியுங்கள். நேர் எதிரே பிடித்தால் ‘ப’ வருகிற இடமெல்லாம் டப் டப்பென்று வெடிக்கும். ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் போகாதீர்கள். பெட்டியில் வருகிற ஒலியை மைக் மறுபடி வாங்கி ‘கூ’வென்று ஊளையிடும். தட்டிப் பார்ப்பது, ஊதிப் பார்ப்பது, ‘ஹலோ மைக் டெஸ்டிங்’ எல்லாம் ஆட்கள் வருவதற்கு முன்பே முடியட்டும். தலையைத் திருப்பினால் மைக்கும் கூடவே திரும்ப வேண்டும். பாதிப் பேருக்கு இது மறந்துபோகும். இடப்பக்கம் உட்கார்ந்தவர்களைப் பார்த்துப் பேசியது யாருக்கும் கேட்காது.

ஆங்கிலத்தில் பேச வேண்டுமா?

இந்தத் தாளில் விருப்பம். ஆங்கிலப் பயிற்சிக்கு 2022-இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் தனியாக வகுப்புகள் உண்டு. அவற்றைத் தவற விடாதீர்கள். என் அனுபவத்தில், தமிழில் ஐந்து நிமிடம் கோவையாகப் பேச வந்தவருக்கு ஆங்கிலத்தில் சொற்கள்தான் குறைவாக இருக்கும், பயம் இருக்காது. வருகிற சுற்றுலாப் பயணிகளை நம்பிப் பிழைக்கிற ஊரில் இரண்டும் தேவைதான்.

பேசும்போது நண்பர்கள் கிண்டல் செய்கிறார்களே?

கேட்பவர்களுக்கும் வேலை கொடுத்துவிட்டால் கிண்டல் அடங்கிவிடும். ஒருவர் பேசி முடித்ததும் வேறொருவரைக் கைகாட்டுவேன். அவர் முதலில் தான் கேட்டது என்ன என்று இரண்டு வாக்கியத்தில் சொல்ல வேண்டும். பிறகு மாற்ற வேண்டியது ஒன்றே ஒன்று. ‘நல்லா இருந்துச்சு’ என்று சொல்லித் தப்பிக்க முடியாது. இதில் கிடைக்கிற இன்னொரு நன்மை: நீங்கள் சொன்னதாக நினைத்ததும் அவர் காதில் விழுந்ததும் ஒன்றாக இருக்கிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். பெரும்பாலும் இருக்காது.

வகுப்புக்கு வெளியே எங்கே பழகுவது?

தமிழ் வளர்ச்சித் துறை தலைவர்களின் பிறந்தநாளையொட்டி மாவட்ட அளவில் கல்லூரி மாணவர்களுக்குப் பேச்சுப் போட்டி நடத்துகிறது. பரிசு 5,000, 3,000, 2,000 ரூபாய். அறிவிப்பு வரும்போது துறைப் பலகையில் ஒட்டுவோம். போய் வாருங்கள், ஆனால் போட்டிப் பேச்சு ஒரு தனி ரகம் என்பதை மனதில் வையுங்கள். அங்கே கேட்பவர் நடுவர் மட்டும்தான்.

எனக்குப் பிடித்த இடம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் நடக்கும். உங்கள் ஊராட்சியில் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் நீங்களும் உறுப்பினர்தான். யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் உங்கள் மதிப்பெண்ணைப் பற்றிக் கவலைப்படாதவர்கள். தண்ணீர், தெருவிளக்கு, நடைபாதை என்று அவரவருக்கு ஒரு காரியம் இருக்கும். ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கே, எப்போதிலிருந்து, என்ன செய்ய வேண்டும் என்று மூன்று வாக்கியத்தில் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, ‘இதைத் தீர்மானமாக எழுதிக்கொள்ளுங்கள்’ என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். போய்ப் பேசிவிட்டு வந்தவர்களை வகுப்பில் அதைப் பற்றி மூன்று நிமிடம் பேசச் சொல்வேன். அந்த நாட்களில் மட்டும் கேள்வி கேட்கக் கை தூக்குபவர்களை அடக்க வேண்டியிருக்கிறது.

கடைசிப் பேச்சு அன்று சேலை, கோட்டு கட்டாயமா? ஸ்வெட்டர் போடலாமா?

எதுவும் கட்டாயமில்லை. ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளுங்கள், குளிரில் நடுங்கிவிட்டு அதைப் பயத்தின் கணக்கில் எழுதாதீர்கள். மப்ளரை வாயிலிருந்து இறக்கிவிடுங்கள். காதை மூடுகிற குல்லாவை மட்டும் கழற்றிப் பையில் வைத்துவிட்டு வாருங்கள், பின்பெஞ்சிலிருந்து ‘கேட்கலை’ என்று சொன்னால் உங்கள் காதில் விழ வேண்டும்.